முப்பது நொடி ஆட்டோ: கானாடுகாத்தான் பட்டாலையில் எழுதிய ஒரு ரோபோ நிரல்

பள்ளிப் பிள்ளைகள் ரோபோ செய்து ஆடும் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போட்டியில் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் முதல் 30 நொடி பிள்ளைகள் ரோபோவைத் தொடக்கூடாது, ஜாய்ஸ்டிக்கையும் தொடக்கூடாது. முன்பே எழுதி ஏற்றிய நிரலை நம்பி ரோபோ தானே நகர்ந்து, தானே வேலையை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டு நிமிடம் ஓட்டுநர்கள் கைக்கு வருகிறது. இந்த 30 நொடியைப் பிள்ளைகள் ‘ஆட்டோ’ என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்த ஓர் அணி, 2024-25 பருவத்துக்கான ஆட்டோவை எப்படி எழுதியது, அது எங்கே சறுக்கியது, கடைசியில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்பதை அணியின் வழிகாட்டியாக உடனிருந்து பார்த்தேன். பிள்ளைகள் தேடியபோது இந்த வேலையைப் பற்றித் தமிழில் விரிவாக எதுவும் கையில் சிக்கவில்லை. அடுத்துத் தொடங்கும் அணிக்காவது கிடைக்கட்டும் என்றுதான் கணக்குகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

எதைச் செய்வது என்ற முடிவு

அந்தப் பருவத்து ஆட்டத்தின் பெயர் ‘இன்டு தி டீப்’. களம் 12 அடிக்கு 12 அடி. 24 அங்குல நுரை ஓடுகள் 36 கோத்த தரை. நடுவில் ஒரு பெரிய சட்டகம்; அதன் பெயர் சப்மெர்சிபிள். அதில் இரண்டு உயரங்களில் குறுக்குக் கம்பிகள் இருக்கும். கொக்கி பொருத்திய ஒரு துண்டை, அதாவது ஸ்பெசிமனை, 26 அங்குல உயரத்தில் இருக்கும் மேல்கம்பியில் மாட்டினால் ஆட்டோவில் 10 புள்ளி. கீழ்க்கம்பியில் மாட்டினால் 6. ஆட்டோ முடியும்போது மூலையில் இருக்கும் அப்சர்வேஷன் ஸோனில் போய் நின்றால் 3. ஆட்டோவில் மாட்டிய துண்டு கடைசிவரை கம்பியிலேயே தொங்கினால், ஓட்டுநர் பகுதி முடியும்போது அதற்கு மறுபடியும் புள்ளி உண்டு. ஆகவே ஆட்டோவில் ஒழுங்காக மாட்டிய ஒரு துண்டு இருமுறை சம்பாதித்துக் கொடுக்கும்.

இணையத்தில் பெரிய அணிகளின் வீடியோக்களைப் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு முதலில் நாலைந்து துண்டு மாட்ட ஆசை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் வருட அணிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: தொடங்கும்போது கையில் இருக்கும் ஒரே துண்டை மேல்கம்பியில் மாட்டு, போய் மூலையில் நில். மொத்தம் 13 புள்ளி. இதை எந்தக் களத்தில் வைத்தாலும், எந்த பேட்டரியைப் போட்டாலும், பக்கத்து ரோபோ என்ன செய்தாலும் செய்துகாட்டு. அதற்குப் பிறகு இரண்டாவது துண்டைப் பேசுவோம். ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாமல் வரும் 13 புள்ளி, வந்தால் வரும் 40 புள்ளியைவிட மேலானது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். இந்தப் போட்டியில் இரண்டு அணிகள் கூட்டாளிகளாகச் சேர்ந்து மற்ற இரண்டு அணிகளை எதிர்த்து ஆடும். கூட்டாளியிடம் ‘எங்க ஆட்டோ கட்டாயம் இதைச் செய்யும்’ என்று சொல்ல முடிகிற அணியைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும்.

ரோபோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. நாலு மூலையிலும் 96 மில்லிமீட்டர் மெக்கானம் சக்கரம். இந்தச் சக்கரத்தில் சாய்வாக உருளைகள் இருப்பதால் ரோபோ பக்கவாட்டிலும் நகரும். நாலுக்கும் 312 ஆர்.பி.எம். கோபில்டா மோட்டார்கள். மேலே போய்வரும் ஒரு லிஃப்ட், அதன் நுனியில் ஒரு பிடி. மூளையாக ரெவ் கண்ட்ரோல் ஹப். நிரலை ஜாவாவில், கம்ப்யூட்டர் பிரவுசரிலேயே எழுதி ஏற்றும் ஆன்பாட் ஜாவாவில் எழுதினார்கள்.

ஆத்தங்குடித் தரை

பயிற்சிக்கு இடம் கிடைத்தது கானாடுகாத்தானில். அணியில் இருந்த ஒரு பெண்ணின் பாட்டி வீடு. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் நீண்ட பட்டாலை, தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். அவ்வளவு நீளமும் அகலமும் ஒரே மட்டத்தில் இருக்கும் கூடம் பள்ளிக்கூடத்தில்கூடக் கிடைக்காது. ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: தரையில் டேப் ஒட்டினால் பசை இருக்கக்கூடாது.

அந்த வீட்டுக் கல் எட்டு அங்குலம். மூன்று கல் சேர்ந்தால் 24 அங்குலம், அதாவது போட்டிக் களத்து ஓடு ஒன்று. பிள்ளைகளுக்கு இது பெரிய வரமாகத் தெரிந்தது. பூ வேலைப்பாட்டை எண்ணியே தூரத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். கையால் வார்த்த கல்லுக்கும் கல்லுக்கும் அளவிலும் இடைவெளியிலும் சிறு வித்தியாசம் இருக்கும்; பத்துப் பன்னிரண்டு கல் தாண்டினால் அது கூடிக்கொண்டே போகும். எஃகு டேப் வைத்து அளந்த பிறகு, கல் கணக்கு கண்ணால் பார்க்க மட்டும், எழுதும் எண் டேப்பிலிருந்து என்று முடிவாயிற்று.

இந்தக் கல் செய்யும் முறையையும் சொல்ல வேண்டும், பின்னால் வரும் விஷயத்துக்கு அது வேர். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ண சிமென்ட் கலவையை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் நாம் நடக்கும் முகம். சூளையில் சுடாமலே அந்த மினுமினுப்பு வருவது கண்ணாடியால்தான்.

முதல் நிரல்: நேரத்தை நம்பியது

மென்பொருளோடு சேர்ந்தே வரும் எடுத்துக்காட்டு நிரல்களில் மூன்று எங்களுக்கு உதவின: நேரத்தை வைத்து ஓட்டுவது, என்கோடரை (சுற்றை எண்ணும் கருவி) வைத்து ஓட்டுவது, கைரோவை (திசை உணரி) வைத்து ஓட்டுவது. பிள்ளைகள் முதலாவதிலிருந்து தொடங்கினார்கள். ‘ஸ்டார்ட்’ அழுத்தும்வரை காத்திரு, நாலு மோட்டாருக்கும் பாதி சக்தி கொடு, இத்தனை நொடி பொறு, நிறுத்து. அவ்வளவுதான். சுவரிலிருந்து சட்டகம்வரை அவர்கள் ரோபோ போக வேண்டிய தூரம் சுமார் 30 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். நொடியை மாற்றி மாற்றி வைத்து அந்தத் தூரத்தைப் பிடித்துவிட்டார்கள். அன்று மாலை நன்றாகவே ஓடியது.

மறுநாள் அதே நிரல் நாலு விரற்கடை கூடுதலாகப் போய் நின்றது. பிறகு ஓட ஓடக் குறைந்துகொண்டே வந்தது. இதற்குக் காரணம் பேட்டரி. மோட்டாருக்கு ‘பாதி சக்தி’ என்று நிரலில் எழுதினால், பேட்டரியில் அப்போது இருக்கும் மின்னழுத்தத்தில் பாதி என்றுதான் பொருள். 12 வோல்ட் என்று பெயர் போட்ட பேட்டரி சார்ஜ் ஏறியவுடன் 13.5 வோல்ட்டைத் தாண்டி நிற்கும், சில ஓட்டங்களுக்குப் பிறகு 12.2-க்கு வந்துவிடும். மோட்டாரின் வேகம் ஏறத்தாழ மின்னழுத்தத்தோடு சேர்ந்தே குறையும். ஆக முழு பேட்டரியில் 762 மி.மீ. போன நிரல், 12.2 வோல்ட்டில் கணக்குப்படி 690 மி.மீ. அளவில் நின்றுவிடும். மூன்று அங்குலம் குறைந்தால் துண்டு கம்பிக்கு எட்டாது.

இந்த இடத்தில் அணிக்கு ஊர் கைகொடுத்தது. காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட நிறுவனம். பேட்டரி ஆராய்ச்சி அங்கே அன்றாட வேலை. அணியில் ஒரு பையனின் தந்தைக்கு அங்கே வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு வந்து, ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது, மோட்டார் இழுக்கும்போது பார்க்க வேண்டும் என்று செய்துகாட்டினார். நாலு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது எண் சட்டென்று இறங்கி மறுபடி ஏறுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். நேரத்தை நம்பி ஓட்டும் நிரலுக்கு அன்றோடு முடிவு. கண்ணை மூடிக்கொண்டு பத்து எட்டு எண்ணி வைப்பவன், பசித்திருக்கும் நாளில் குறைவாகத்தான் போய்ச் சேருவான்.

இரண்டாவது நிரல்: சக்கரத்தை நம்பியது

மோட்டாருக்குள் என்கோடர் இருக்கிறது. தண்டு எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும். இந்த மோட்டாரில் சக்கரம் ஒரு சுற்றுக்கு 537.7 எண்ணிக்கை. பிள்ளைகள் அதை ‘டிக்’ என்கிறார்கள். 96 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 301.6 மி.மீ. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 1.783 டிக். 762 மி.மீ. போக 1359 டிக். பள்ளிக் கணக்கில் படிக்கும் வட்டத்தின் சுற்றளவு இங்கே நேராகப் பயன்பட்டது. இந்த எண்களை நிரலின் நடுவில் அங்கங்கே தூவாமல், மேலே நிலையான மதிப்புகளாக ஒரே இடத்தில் எழுதி, ‘இத்தனை மி.மீ. முன்னால் போ’ என்று ஒரு தனிச் செயலாக்கிக்கொண்டார்கள். சக்கரத்தை மாற்றினால் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

இந்த நிரலில் புதியவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடங்களை அணி வரிசையாகச் சந்தித்தது. இடது பக்க மோட்டார்களும் வலது பக்க மோட்டார்களும் எதிரெதிராகப் பார்த்து நிற்பதால், ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கச் சொல்லாவிட்டால் ரோபோ நின்ற இடத்தில் சுழலும். ‘ரன் டு பொசிஷன்’ முறையில், போக வேண்டிய இலக்கை முதலில் கொடுத்துவிட்டுத்தான் முறையை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சிகள் (லூப்) ஒவ்வொன்றிலும் ‘ஆப்மோட், அதாவது இப்போது ஓடும் நிரல், இன்னும் நடக்கிறதா’ என்ற கேள்வி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தச் சொன்னாலும் நிரல் வெளியே வராது, ஹப் தன்னையே மறுபடி தொடங்கிக்கொள்ளும். களத்தில் இப்படி நடந்தால் ஓட்டுநர் நேரத்தில் விலைமதிப்பற்ற நொடிகள் போய்விடும்.

நாலாவது சிக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரோபோ இலக்குக்கு மிக அருகில் போய் நின்றுவிட்டது. ஆனால் ‘மோட்டார் வேலையாக இருக்கிறது’ என்றே ஹப் சொல்லிக்கொண்டிருந்தது. மீதி இருந்த சில டிக் தூரத்துக்கு, கொடுத்த சிறு சக்தி உராய்வை வெல்லப் போதவில்லை. நிரல் அடுத்த வரிக்குப் போகாமல் அங்கேயே தவம் கிடந்தது. தீர்வு எளிது: ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு காலக்கெடு. ‘இலக்கை அடை, அல்லது 2 நொடி ஆகிவிட்டால் போதும் என்று மேலே போ.’ இந்தக் கெடுக்களையெல்லாம் கூட்டினாலும் 30 நொடிக்குள் அடங்குகிறதா என்று ஒரு பெண் தாளில் கூட்டிப் பார்த்தாள். அந்தத் தாள் கடைசிவரை ரோபோப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தது. எந்த அணி கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: காலக்கெடு இல்லாத ஓர் அசைவைக்கூட ஆட்டோவில் விடாதீர்கள்.

மூன்றாவது: திசை

துண்டை மாட்டியபின் ரோபோ பின்வாங்கி, வலது பக்கம் நகர்ந்து மூலைக்குப் போக வேண்டும். மெக்கானம் சக்கரத்தில் பக்கவாட்டு நகர்வு என்றாலே உடல் மெல்லத் திரும்பும். எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் இன்னும் அதிகம். லிஃப்ட் இருந்த பக்கம் கனம். 1200 மி.மீ. பக்கவாட்டில் போகும்போது 5 பாகை திரும்பியிருந்தால் முடிவில் ஏறத்தாழ 105 மி.மீ. தள்ளிப்போய்விடும், அதாவது அரைச் சாண்.

ஹப்புக்குள்ளேயே திசை உணரி இருக்கிறது. அதைப் பயன்படுத்த, ஹப் ரோபோவில் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, அதன் சின்னம் எந்தப் பக்கம் பார்க்கிறது, யு.எஸ்.பி. வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நிரலில் அறிவிக்க வேண்டும். இடம் போதாமல் அணி ஹப்பை நிற்கவைத்துப் பொருத்தியிருந்தது. நிரலிலோ எடுத்துக்காட்டில் இருந்தபடி படுத்திருப்பதாக எழுதியிருந்தது. ரோபோவைக் கையால் கால்வட்டம் திருப்பினாலும் திசை எண் நகரவில்லை. சோதிக்கும் முறையே இதுதான்: மோட்டாரை ஓட்டும் முன், கையால் இடப்பக்கம் திருப்பினால் எண் கூடுகிறதா, வலப்பக்கம் திருப்பினால் குறைகிறதா என்று திரையில் பாருங்கள்.

திருத்தும் கணக்கு எளிது. இருக்க வேண்டிய திசையிலிருந்து இப்போதைய திசையைக் கழி. அந்த வித்தியாசத்தை ஒரு சிறு எண்ணால் பெருக்கு. அதை ஒரு பக்கச் சக்கரங்களுக்குக் கூட்டி மறுபக்கத்துக்குக் குறை. பெருக்கும் எண் 0.03 என்று வைத்தால், 5 பாகை விலகலுக்கு 0.15 அளவு திருத்தம் வரும். எண் பெரிதாக இருந்தால் ரோபோ இங்கும் அங்கும் ஆடும். சிறிதாக இருந்தால் திருத்தமே தெரியாது. கோணம் +180-ஐத் தாண்டினால் −180-க்குக் குதிப்பதால், வித்தியாசம் 180-க்கு மேல் போனால் 360-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும், −180-க்குக் கீழே போனால் 360-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். ‘ரன் டு பொசிஷன்’ முறையில் நாலு மோட்டாரும் தத்தம் இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதால் இந்தத் திருத்தத்தை நுழைப்பது சிரமம். பிள்ளைகள் அதை விட்டுவிட்டு, வேகத்தை மட்டும் என்கோடர் பார்த்துக்கொள்ளும் முறைக்கு மாறி, நாலு சக்கரத்து டிக்கின் சராசரியைத் தாங்களே படித்து நிறுத்தினார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: பக்கவாட்டில் போகும்போது இரண்டு சக்கரம் முன்னும் இரண்டு பின்னும் சுற்றும். குறியை நீக்கிவிட்டுக் கூட்டாவிட்டால் சராசரி எப்போதும் சுழியத்தை ஒட்டியே இருக்கும், ரோபோ நிற்கவே நிற்காது.

எண்ணெய்

மெக்கானம் சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் சறுக்கத்தான் செய்யும். அதனால் டிக் கணக்கைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுப்பது பலரும் செய்வது. பிள்ளைகள் பட்டாலையில் ஓட்டி ஓட்டி, அந்தத் தரைக்குப் பொருத்தமான பெருக்கு எண்ணைக் கண்டுபிடித்து எழுதிவைத்தார்கள். ஒரு வாரம் அது பிசகவே இல்லை.

அடுத்த வாரம் வந்து ஓட்டினால் ரோபோ மூலைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது. பேட்டரி முழுசு. நிரலில் மாற்றம் இல்லை.

“சார், போன வாரம் ஓடுன அதே புரோகிராம். ஒரு புள்ளிகூட மாத்தல” என்றான் பையன்.

சக்கரத் திருகாணிகளைப் பார்த்தார்கள், இறுக்கமாக இருந்தன. என்கோடர் எண் சரியாக இருந்தது. சக்கரம் சொன்ன அளவு சுற்றியிருந்தது. பேத்திதான் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஆச்சி, தரையில ஏதாச்சும் போட்டீங்களா?”

“ஆமா ஆத்தா. அடுத்த மாசம் அறுபதாங் கல்யாணம் வருதுல்ல, ஆளு விட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ச்சுத் துடைக்கச் சொன்னேன். நல்லா மின்னுது பாரு.”

மின்னத்தான் செய்தது. ஏற்கெனவே கண்ணாடி முகம், அதன்மேல் எண்ணெய்ப் பூச்சு. உருளைகள் தரையைப் பிடிக்காமல் வழுக்கியிருக்கின்றன. சக்கரம் தான் சுற்றியதை எண்ணியது. ரோபோ எவ்வளவு நகர்ந்தது என்பது சக்கரத்துக்குத் தெரியாது. இந்தப் பருவம் முழுக்க அணி கற்றதில் மையமானது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கியது என்று நினைக்கிறேன். பேட்டரியை நம்பினார்கள், அது மாறியது. சக்கரத்தை நம்பினார்கள், அதன் கீழே தரை மாறியது. போட்டிக் களமோ நுரை ஓடு. பட்டாலையில் கண்டுபிடித்த பெருக்கு எண் அங்கே எதற்கும் ஆகாது. போட்டியிலும் புதிய நுரை ஒரு மாதிரி பிடிக்கும், பல ஆட்டம் தேய்ந்த நுரை வேறு மாதிரி பிடிக்கும்.

செலவு கருதி முழுக் களம் வாங்க முடியவில்லை. ஆட்டோ போகும் பாதைக்கு மட்டும் 24 அங்குல நுரைப் பாய்கள் வாங்கி, பட்டாலையில் விரித்தார்கள். அடியில் பாய் நழுவாமலிருக்கப் பழைய சணல் சாக்கு. அதற்குப் பிறகு ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஒரு எண்ணையும் யாரும் எழுதவில்லை.

எதை நம்புவது என்று திரும்ப எழுதியது

பாய் போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் அதற்கு மேலே போனார்கள், அதில்தான் எனக்குப் பெருமை. ஒரு தாளை எடுத்து, ஆட்டோவின் ஒவ்வோர் அசைவுக்கும் எதிரே இரண்டு கேள்வி எழுதினார்கள்: இங்கே எவ்வளவு பிசகினால் புள்ளி போகும்? களத்தில் அசையாமல் இருக்கும் எந்தப் பொருளை இங்கே பிடித்துக்கொள்ளலாம்?

மேல்கம்பி நீளமானது. இடவலமாக இரண்டு அங்குலம் தள்ளிப்போனாலும் கொக்கி மாட்டும். முன்பின் தூரம்தான் உயிர். அந்த இடத்தில் அசையாத பொருள் சட்டகமே. ஆகவே 762 மி.மீ. என்ற எண்ணை விட்டுவிட்டார்கள். 650 மி.மீ. வரை வேகமாகப் போவது, பிறகு மிகக் குறைந்த சக்தியில் மெதுவாகப் போய்ச் சட்டகத்தின் அடிப்பகுதியை முட்டி நிற்பது என்று மாற்றினார்கள். அந்தக் கடைசி நகர்வில் மட்டும், வேகத்தை என்கோடர் காக்கும் முறையை அணைத்தார்கள். அணைக்காவிட்டால், முட்டியவுடன் வேகம் குறைந்ததைப் பார்த்து ஹப் சக்தியை ஏற்றிக்கொண்டே போகும். சக்கரம் நுரையைத் தேய்க்கும், சட்டகமும் அதிரும். சக்தியை நேரடியாகச் சிறிதாகக் கொடுத்தால் தொட்டவுடன் அடங்கி நிற்கும். என்கோடர் எண்ணிக்கொண்டுதான் இருக்கும். டிக் ஏறுவது நின்றால் தொட்டாயிற்று என்று பொருள். அதற்கும் காலக்கெடு உண்டு. ரோபோவின் முன்பக்கம் தட்டையாக இருந்ததால் முட்டும்போது உடலும் நேராகிவிட்டது; சிறு திசைப் பிசகும் அங்கேயே தீர்ந்தது.

மூலையில் நிற்பதற்கும் இதே வழி. பக்கவாட்டில் போகும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, கடைசியில் பின்சுவரை மெல்ல முட்டி நின்றார்கள். சுவர் எண்ணெய் பூசினாலும் நகராது.

இப்படி எழுதிய பிறகு நிரல் நீளம் குறைந்துவிட்டது. வேகமாக முன்னே, முட்டி நில், லிஃப்டை இறக்கிக் கொக்கியை மாட்டு, பிடியை விடு, பின்வாங்கு, பக்கவாட்டில் போ, சுவரைத் தொடு. படிக்கிறவனுக்குத் தமிழில் சொன்ன மாதிரியே ஜாவாவிலும் இருந்தது.

கூட்டாளி

களத்தில் கூட்டாளி ரோபோவும் அதே 30 நொடியில் தானே ஓடும். இரண்டும் ஒரே பாதையில் போனால் மோதல்தான். இதற்கு ஓர் அணி தயாராக இருப்பதற்கு ஒரே வழி, தொடங்கும் முன் எத்தனை நொடி காத்திருப்பது என்பதைக் களத்திலேயே தேர்ந்தெடுக்கும் வசதி. நிரலைத் தயார் செய்யும் ‘இனிட்’ பொத்தானை அழுத்தியதிலிருந்து ‘ஸ்டார்ட்’ வரைக்கும் ஓடும் ஒரு சுழற்சியில் கேம்பேடின் அம்புப் பொத்தானைப் படித்து, மேல் அம்புக்கு ஒரு நொடி கூட்டு, கீழ் அம்புக்கு ஒரு நொடி குறை என்று எழுதினார்கள். தேர்ந்தெடுத்த எண், ஓட்டுநர்கள் பக்கம் இருக்கும் டிரைவர் ஸ்டேஷன் கருவியின் திரையில் தெரியும். அதே திரையில் பேட்டரி வோல்ட்டும் திசை எண்ணும். ரோபோவைச் சுவரோடு ஒட்டி நேராக வைத்த பிறகுதான் திசையைச் சுழியாக்க வேண்டும் என்பதால், அதற்கும் ஒரு பொத்தான். எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஆட்டத்துக்கு முன் ஒரே வேலை: இந்த மூன்று எண்ணையும் சத்தமாகப் படிப்பது.

போட்டி

பெரும்பாலான ஆட்டங்களில் துண்டு மாட்டியது, ரோபோ மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. காத்திருப்பு நேரத்தைக் கூட்டாளியைக் கேட்டு ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றினார்கள். ஓர் ஆட்டத்தில் கூட்டாளி ரோபோ பாதையில் வந்து நின்றுவிட்டது. பக்கவாட்டு நகர்வின் காலக்கெடு முடிந்தவுடன் நம் ரோபோ சண்டை போடாமல் நின்றுகொண்டது; மூலைப் புள்ளி போனாலும், மாட்டிய துண்டு தொங்கிக்கொண்டே இருந்தது.

துண்டு மாட்டாத ஆட்டமும் உண்டு. ஸ்டார்ட் அழுத்தியவுடன் ரோபோ நேராகப் போய்ச் சட்டகத்தைத் தொட்டது, ஆனால் கொக்கி கம்பிக்கு மேலே காற்றில் இறங்கி நின்றது. லிஃப்டின் உயரமும் என்கோடரால்தான் அளக்கப்படுகிறது. இனிட் அழுத்தும் நொடியில் லிஃப்ட் எங்கே இருக்கிறதோ அதுவே சுழி. அந்த ஆட்டத்துக்கு ரோபோவைத் தூக்கிவந்தபோது லிஃப்ட் இரண்டு விரற்கடை மேலே சிக்கியிருந்தது. அன்றைக்கு மீதி ஆட்டங்களுக்கு, லிஃப்டைக் கையால் கீழே தட்டிவிட்டு இனிட் அழுத்துவது என்று சரிபார்ப்புத் தாளில் ஒரு வரி கூடியது. ஊருக்குத் திரும்பியபின் லிஃப்டின் அடியில் ஒரு தொடு உணரி வைத்து, தொட்டால்தான் சுழி என்று மாற்றினார்கள். லிஃப்டுக்கும் கடைசியில் ஒரு சுவர் கிடைத்தது.

இப்போது அணியில் நடக்கும் விவாதம் இரண்டாவது துண்டைப் பற்றி. தரையோடு தனியாக உருளும் அளவுச் சக்கரங்களை வைத்து இருப்பிடம் கணக்கிடலாம் என்கிறாள் ஆச்சியின் பேத்தி; அவை மோட்டாரோடு சேராததால் மோட்டார் சக்கரம் சறுக்கினாலும் கணக்கு கெடாது என்பது அவள் வாதம், சரியான வாதம். களச் சுவரில் ஒட்டியிருக்கும் ஏப்ரல் டேக் படங்களைக் கேமராவால் பார்த்து இடம் தெரிந்துகொள்ளலாம் என்கிறான் சிக்ரிக்காரர் மகன். இரண்டையும் பாயில் ஓட்டி, எண்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அறுபதாங் கல்யாணம் முடிந்து பட்டாலை காலியானதும் பாயை மறுபடி விரிக்க ஆச்சி சரி சொல்லியிருக்கிறார்கள்.